குளத்தைக் கடந்த உது

அன்று காலை நாவலடிக் குளக்கரையில் நின்றவர்களை வரிசை பிசகாமல் எழுதிவைக்கிறேன். பிறகு ஆளுக்கொரு விதமாகக் கதைக்க இடமிருக்கக் கூடாது.

பெரியவளவு இராசநாயகம், அதாவது நான். என் தம்பி ஆழ்வாப்பிள்ளை. குளப் பரிபாலன சபைத் தலைவர் நாகலிங்கம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லாதபடியால் எங்களுக்கு நடுவில் ஒரு பூவரச மரம் நின்றது. சபைக் காரியதரிசி செல்வநாயகம். இவர் நின்றது தரையிலல்ல, கழுவிக் கவிழ்த்திருந்த கோயிற் கிடாரத்தின் மேல். திருவிழாவுக்கு ஊர் முழுவதற்கும் பொங்குகிற அந்தச் செப்புக் கிடாரத்தை விட்டால் அவருக்கு வேறு மேடை கிடையாது. தாரா வாத்து வளர்க்கும் சின்னாச்சியும் அவருடைய தாராக்களும். கரவெட்டியிலிருந்து நான் அழைப்பித்த துப்பறியும் தில்லைநாதன். அவருடைய உதவியாள் ஏரம்பு. கோயிற் கூரையில் ஒரு கூழைக்கடா. அதை எவரும் அழைக்கவில்லை.

தில்லைநாதன் ஓய்வுபெற்ற தந்தி மாஸ்டர். முப்பது வருடம் பிறருடைய சொற்களை எண்ணி எண்ணி, தன் வாயிலிருந்து ஒரு சொல் வீணாகப் போவதையும் பொறுக்காதவர். ஏரம்பு அவரிடம் தந்திப் பியூனாக இருந்தவன். சாவுத் தந்திகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொண்டுபோய், அவன் தலை தெரிந்தாலே ஊர்கள் அழத் தொடங்கின. அதனால் பகிடி விடப் பழகிக்கொண்டான். மாஸ்டர் மிச்சம்பிடித்த சொற்களையெல்லாம் அவன்தான் செலவழிக்கிறான்.

வழக்கு இதுதான். செவ்வாய்க்கிழமை மாலை, கோயிலில் விளக்கு வைத்த பிறகு, ஏதோ ஒன்று மணியடிக்காமல் குளத்தைக் கடந்து நடுவிலுள்ள புளியமரத் திட்டியில் மோதியது. அங்கே கூடு கட்டியிருந்த கூழைக்கடாக்கள் ஒருமிக்க எழும்பி ஊருக்கு மேலால் பறந்தன. குஞ்சு பொரிக்கும் காலத்தில் திட்டியை நெருங்குவது குற்றம். வள்ளம் மணியடிக்காமல் போவது குற்றம். விளக்கு வைத்த பின் வள்ளம் இறக்குவதும் குற்றம். இந்தச் சட்டங்களை எழுதியவர் என் தகப்பனார்.

குளத்தில் உள்ள வள்ளங்கள் இரண்டே இரண்டு. எங்கள் தாயாரின் பெயர் பூண்ட ‘கனகாம்பிகை’. நாகலிங்கம் வீட்டாரின் ‘வேலாயுதம்’. இருந்தும், வள்ளங்கள் இடப்பக்கம் பிடித்தே போக வேண்டும், முந்திப் போக விரும்புகிறவர் முன்னே போகிறவரின் சம்மதம் கேட்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் உண்டு. இரண்டு வள்ளத்துக்கு இவ்வளவு சட்டமா என்று அறியாதவர்கள் கேட்பார்கள். ஒரு வள்ளமாக இருந்திருந்தால் சட்டமே வேண்டாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதின. இடப்பக்கம் எது என்பதில் அபிப்பிராய பேதம். அன்றோடு பேச்சு நின்றது.

குற்றம் செய்த வீட்டுக்குத் தண்டனை, தைப்பூசத் தெப்பத்தில் முதல் வடம் பிடிக்கும் உரிமை பறிபோவது. அந்த உரிமை எங்கள் வீட்டுக்கு உரியது. தைப்பூசமோ அந்தச் சனிக்கிழமை.

புதன்கிழமை காலை சின்னாச்சி கரையில் சாட்சி சொன்னார். தாராக்களின் இரைச்சலில் அவர் சொன்னது செல்வநாயகத்தின் காதுக்கு மட்டுமே எட்டியது. செல்வநாயகம் கிடாரத்தின் மேல் நின்றபடி, “‘அது வந்ததைக் கண்ணாரக் கண்டேன்’ எனச் சின்னாச்சி அம்மையார் மொழிந்தனர்!” என்று முழங்கி, அக்கரையில் கட்டியிருந்த எங்கள் வள்ளத்தை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கை மடங்குவதற்குள் எங்கள் மானம் போயிற்று. அன்று பின்னேரமே கரவெட்டிக்கு ஆளனுப்பினேன். மறுநாள் விடியவே தில்லைநாதன் வந்துவிட்டார்.

“வள்ளம் எங்கை?” என்றார் தில்லைநாதன்.

“அக்கரையிலை,” என்றேன்.

“நடப்பம்.”

“மூண்டு சொல்!” என்றான் ஏரம்பு. “விடிய வெள்ளனவே மாஸ்டர் மூண்டு சொல்லுச் செலவழிச்சிட்டார். பெரிய வழக்குத்தான் ஐயா.”

அக்கரையில் ‘கனகாம்பிகை’ கட்டிய இடத்திலேயே கிடந்தது. உள்ளே, துடுப்புக்காரன் இருக்கும் பலகையின் கீழ், ஒரு தாரா படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் கழுத்தை நீட்டிச் சீறியது.

“இது ஆர் ஐயா, மாலுமியோ?” என்றான் ஏரம்பு.

சின்னாச்சியின் தாரா எங்கள் வள்ளத்தில் முட்டையிட்டு அடைகாத்து மூன்று கிழமை ஆகிறது. எழுப்பினால் சின்னாச்சி வந்து ஏசுவார். பெரியவளவு வாசலில் ஏச்சுக் கேட்கலாகாது. எங்கள் வள்ளத்தை ஒரு தாரா பிடித்துவைத்திருக்கிறது என்று சபையில் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இதை இங்கே சொல்வது வழக்குக்கு வேண்டியதனால்.

ஏரம்பு முட்டையைப் பார்க்கக் கையை விட்டான். உடனே கையை எடுத்தான்.

“கடிச்சுப் போட்டுது மாஸ்டர்! சாட்சி நல்ல பலமான சாட்சி.”

“முட்டை உடையேல்லை,” என்றார் தில்லைநாதன். “வள்ளம் அசையேல்லை.”

என் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு வள்ளத்தில் ஒன்று இல்லையென்றால் மற்றதுதானே? “நாகலிங்கத்தின்ரை வள்ளத்தைப் பாப்பம்,” என்றேன். நாகலிங்கம் எங்களுக்கு முன்னே ஓடிப்போய் அதன் முன் நின்றுகொண்டார்.

‘வேலாயுதம்’ கோரைப் புல்லுக்கு நடுவே பச்சை வர்ணம் பளபளக்க நின்றது. ஏரம்பு புல்லை விலக்கினான். வர்ணம் எங்கள் பக்கம் மாத்திரமே பூசியிருந்தது. மறுபக்கம் பலகை உக்கி, பாதி வள்ளம் தண்ணீருக்குள் இருந்தது. அதற்குள் குறவை மீன்கள் சுகமாக ஓடின.

“திருத்த வேலை நடக்குது,” என்றார் நாகலிங்கம்.

“ஓம் ஐயா. ஆக்கள் உள்ளுக்குத்தான் நிக்கினம்,” என்று மீன்களைக் காட்டினான் ஏரம்பு. “இராசநாயகம் ஐயா, ஒண்டு கேக்கட்டே? ரண்டு வள்ளமும் ஓடாது. உங்கடை குளத்திலை சட்டத்தை மீற வேணுமெண்டாலும் முதல் ஆரும் ஒரு வள்ளம் இரவல் குடுக்க வேணும் போலை கிடக்கு.”

என் தகப்பனாரின் சட்டத்தைப் பற்றிப் பகிடிக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இந்தக் கரைக்குத் திரும்பினோம். சின்னாச்சி தாராக்களுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். வளவும் வயலும் நிறைய உள்ளவர், வாயும் அப்படியே.

“என்ன கண்டனீங்கள், ஆச்சி?” என்றார் தில்லைநாதன்.

“எத்தினை தரம் தம்பி சொல்லுறது? உதுதான் வந்தது. லாம்பு வெளிச்சத்திலை கண்டனான். உதுதான் திட்டியிலை இடிச்சது. ஆக்களை இருட்டுக்கை மட்டுக்கட்டேல்லை. உதைக் கண்டனான்.”

தில்லைநாதன் தவிட்டு வாளியின் முன்னால் அப்படியே நின்றார். தந்திக் கருவி தட்டுவதைக் கேட்பவர்போல் அவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

“உதோ, அதோ?”

“உது.”

“ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“உந்தக் காரியதரிசிப் பொடியனுக்கு.”

“அவர் அதை மேடையிலை சொல்லேக்கை கேட்டனீங்களோ?”

“கேட்டனான், கேட்டனான். அவன் கதைச்சால் ஆருக்கு விளங்கும்? மொழிந்தனராம். நான் ஒண்டும் மொழியேல்லை, சொன்னனான். பா, பா, பா...” என்று தாராக்களைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் நடந்துவிட்டார்.

தில்லைநாதன் செல்வநாயகத்திடம் போனார். செல்வநாயகம் அதே கிடாரத்தின் மேல், அடுத்த பேச்சுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

“ஆச்சி ‘உது’ எண்டவ. நீர் ‘அது’ எண்டீர். ஏன்?”

செல்வநாயகம் சிரித்தார். “மேடையிலே ‘உது’ என்று பேசலாமோ? கொச்சை அல்லவா? யான் செம்மைப்படுத்தினேன்.”

உது கொச்சையல்ல. பழைய நூல்களில் உள்ள சொல். எங்கள் ஊர் அதை இன்னும் கைவிடவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். ஆனால் தில்லைநாதன் கையை உயர்த்தினார். அன்று அவர் தன் வாழ்நாளிலேயே ஆகக் கூடுதலான சொற்களைச் செலவழித்தார்.

“இது எண்டால், சொல்லுற ஆளுக்குக் கிட்ட. அது எண்டால், ரண்டு பேருக்கும் எட்ட. உது எண்டால், கேக்கிற ஆளுக்குக் கிட்ட. ஆச்சி சொன்னது உமக்கு. அப்ப உமக்குக் கிட்ட கிடந்தது என்ன?”

“மாஸ்டர், இதைத் தந்தியிலை அடிச்சிருந்தால் பென்சன் காசு முடிஞ்சிருக்கும்,” என்றான் ஏரம்பு.

செல்வநாயகம் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கூரையிலிருந்த கூழைக்கடாவைப் பார்த்தார். மற்ற எல்லோரும் அவருடைய காலடியைப் பார்த்தார்கள். கடைசியாக அவரும் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கினார். பேச்சை முடிக்காமல் அவர் மேடையை விட்டு இறங்கியதை ஊர் அன்றுதான் கண்டது.

“கிடாரமோ?” என்றேன் நான்.

“கிடாரம்,” என்றார் தில்லைநாதன்.

ஏரம்பு மடைப்பள்ளிச் சுவரில் சாத்தியிருந்த பொங்கற் துடுப்பை எடுத்துவந்தான். ஆள் உயரமான துடுப்பு. அதன் பலகையில் ஒட்டியிருந்தது பொங்கலல்ல, குளத்துப் பாசி.

இதற்குள் நாகலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. “சட்டத்திலை வள்ளம் எண்டுதான் இருக்கு,” என்றார் பூவரச மரத்தைப் பார்த்து. எங்கள் வீட்டாரோடு நேரே பேசக்கூடாதென்பதால் அவர் எப்போதும் மரத்தோடுதான் பேசுவார். “கிடாரம் எண்டு ஒரு சொல் இல்லை. கிடாரம் வள்ளமோ?”

எனக்கு வேறு வழியில்லை. தகப்பனாரின் வாசகத்தை மனப்பாடமாகச் சொன்னேன்: “துடுப்பினால் வலிக்கப்படுவது எதுவோ அது வள்ளமெனக் கொள்ளப்படும்.”

“இதுவும் துடுப்புத்தானே ஐயா?” என்று ஏரம்பு பொங்கற் துடுப்பைத் தோளில் சாத்தினான். “உங்கடை அப்பு கெட்டிக்காரர். மடைப்பள்ளியையும் கப்பற் படையிலை சேர்த்திட்டார்.”

கிடாரத்தை நிமிர்த்திக் குளத்தில் இறக்கினார்கள். ஏரம்பு தனியே ஏறினான். கிடாரம் அவனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் தண்ணீரில் கொட்டியது. செல்வநாயகத்தையும் கூட்டிக்கொண்டு ஏறினான். செல்வநாயகம் மெலிந்தவர். பாரம் ஏரம்புவின் பக்கம் சாய, இருவரும் தண்ணீருக்குள் போனார்கள். இலக்கணம் முழுவதும் நனைந்தது.

“சமபாரம் வேணும்,” என்றார் தில்லைநாதன். “எதிரும் புதிருமாய் ரண்டு பேர்.”

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கரையில் நின்றவர்களின் வயிறுகளைப் பார்வையிட்டார். அவருடைய கண் என் தம்பி ஆழ்வாப்பிள்ளையின் வயிற்றில் தங்கியது. அங்கிருந்து புறப்பட்டு, பூவரச மரத்தைக் கடந்து, நாகலிங்கத்தின் வயிற்றில் இறங்கியது. மறுபடி தம்பியிடம் திரும்பியது.

“நிப்பாட்டும்!” என்றேன். “எங்கடை குடும்பத்து வயிறு உவையின்ரை வயித்துக்குச் சமன் எண்டு சொல்ல ஒருநாளும் விடமாட்டன்.”

“பாரத்திலை மட்டும்,” என்றார் தில்லைநாதன்.

“ஒண்டிலையும் இல்லை. தம்பி, ஏறு!”

“அண்ணை, எனக்குத் தண்ணியெண்டால் பயம்,” என்றான் ஆழ்வாப்பிள்ளை.

“ஏறு எண்டால் ஏறு. நாகலிங்கத்தாரும் ஏறட்டும். கவிழும். கவிண்டால் எங்கடை வீட்டுக்கும் உதுக்கும் சம்பந்தமில்லை எண்டு ஊருக்கே தெரியும்.”

நாகலிங்கம் மரத்தைப் பார்த்தார். மரம் உதவவில்லை. தலைவர் பயந்துவிட்டார் என்று ஏரம்பு சொல்லப்போவதை உணர்ந்து அவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

இருவரும் ஏறினார்கள். நான் கவிழ்வதற்காகக் காத்திருந்தேன்.

கவிழவில்லை. ஆடவுமில்லை. இருவரும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். நாகலிங்கம் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மறதியாய், வீட்டில் பேசுவதுபோல் சொன்னார்:

“மச்சான், இடக்காலை மடக்கு.”

“மடக்கீட்டன் மச்சான். நீ துடுப்பை எடு,” என்றான் என் தம்பி.

கரையில் தாராக்கள்கூடக் கத்துவதை நிறுத்தின. பன்னிரண்டு வருடமாக ஒருவரோடொருவர் முகம் கொடுக்காத இரண்டு வீட்டார். மச்சான்!

“எவ்வளவு காலமாய்?” என்று கேட்டேன்.

“போன மாரியிலை இருந்து, அண்ணை.”

“என்ன செய்யிறனீங்கள்?”

“கடதாசி விளையாடுறனாங்கள்.”

“திட்டியிலையோ?”

“கரையிலை எண்டால் ரண்டு வீடும் பாக்கும்.”

“ஏன் கிடாரம்?”

“எங்கடை வள்ளத்திலை இப்ப தாரா இருக்கு. இவன்ரையிலை மீன் இருக்கு. வள்ளமெண்டால் மணியும் அடிக்க வேணும், அண்ணை. மணியடிச்சால் நீங்கள் எழும்பி வருவியள்.”

“பறவையள் ஏன் கலைஞ்சது?” என்றார் தில்லைநாதன்.

“இறங்கேக்கை ஒருக்காலும் கலையாதுகள்,” என்றார் நாகலிங்கம். “அண்டைக்கு வழியிலையே விளையாடத் துவங்கீட்டம். உவன் கள்ளத் துரும்பு போட்டான். நான் ஏசினனான். ஏசின ஏச்சிலை திட்டி வந்ததைக் காணேல்லை.”

“ஆர் கள்ளத் துரும்பு? ஆர்?” என்று தம்பி துடுப்பைப் பறித்தான்.

இருவரும் அந்தச் சீட்டாட்டத்தை மறுபடி ஒரு கடதாசி விடாமல் வாதிடத் தொடங்கினார்கள். காற்று கிடாரத்தைக் கரையிலிருந்து தள்ளியது. வாதாடிக்கொண்டே குளத்தின் நடுவே போய்விட்டார்கள். சின்னாச்சி தவிட்டுக் கையோடு ஓடிவந்தார்.

“அந்தா! அது! அதுதான்! நான் அண்டைக்கே சொன்னனான்!”

செல்வநாயகம் நனைந்த வேட்டியோடு நிமிர்ந்து, ஊருக்குக் கேட்க முழங்கினார்: “உது! உதுவே எனச் சின்னாச்சி அம்மையார் சொன்னனர்!”

“இப்ப அது,” என்றார் தில்லைநாதன்.

காற்று திரும்பி அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தபோது நாகலிங்கம் முதன்முறையாக மரத்தை விட்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

“இராசநாயகத்தார், இஞ்சை நிக்கிறவை கொஞ்சப் பேர். திட்டியிலை இடிச்சது வெள்ளத்திலை வந்த பனங்குத்தி எண்டு சபையிலை நான் சொல்லிவிடுறன். முதல் வடம் உங்கடை வீட்டிலேயே இருக்கட்டும். ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

தில்லைநாதன் என்னைப் பார்த்தார். “துப்பு என்ரை. முடிவு உங்கடை.”

தம்பி கிடாரத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நாளை மறுநாள், சனம் பார்த்திருக்க, முதல் வடம் என் கையில் இருக்கும். ஒரு பனங்குத்தி போதும்.

“நாகலிங்கத்தார்,” என்றேன், “உம்முடைய தயவிலை பிடிக்கிற வடம் எங்களுக்கு வடமில்லை. சட்டம் எங்கடை அப்புவின்ரை. அப்புவின்ரை சட்டத்தை அவரின்ரை வீடே பனங்குத்திக்குக் குடுக்காது. செல்வநாயகம், ஏறும். சொல்லும். பெரியவளவு முதல் வடத்தை இழந்தது.”

“கிடாரம் தண்ணீரில் நிற்கிறதே, எதில் ஏறுவது?” என்றார் செல்வநாயகம்.

“நிலத்திலை நிண்டு சொல்லும்.”

சொன்னார். பிறகு நாகலிங்கம் எழுந்து நின்றார். கிடாரம் ஆடியது.

“எழுதிக்கொள்ளும் செல்வநாயகம், எங்கடை வீடுந்தான். அண்டைக்குத் துடுப்புப் பிடிச்சவன் நான். அப்ப எங்கடை வீட்டைத்தான் முதல் சொல்ல வேணும்.”

“கிடாரத்திலை முதல் ஏறினவன் என்ரை தம்பி,” என்றேன். “எங்கடை வீடுதான் முதல்.”

“துடுப்புத்தானே ஐயா சட்டம்? நீங்களே மனப்பாடமாய்ச் சொன்னியள்,” என்றான் ஏரம்பு.

“ஒருமிக்க,” என்றார் தில்லைநாதன். அன்றைக்கு அவர் சொன்ன கடைசிச் சொல் அது. ஏரம்பு அவரைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு கரவெட்டிக்குப் புறப்பட்டான். “போட்டு வாறம் ஐயா,” என்று என்னிடம் சொன்னான். “இனி இந்தக் குளத்திலை ஆரும் தொலைஞ்சால், அடுப்படியிலை தேடிப்போட்டு எங்களுக்கு ஆளனுப்புங்கோ.”

தைப்பூசத்தன்று முதல் வடத்தைச் சின்னாச்சி வீட்டார் சார்பில் சின்னாச்சியே பிடித்தார். எவரும் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபித்தால் ஏசுவார். இரண்டாம் வடத்தை நாங்களும் நாகலிங்கம் வீட்டாரும் சேர்ந்து பிடித்தோம். வேறு வடம் இல்லாதபடியால். கிடாரத்துக்குச் சபை மணி கட்டிவிட்டிருக்கிறது. பொங்கும்போதும் அடிக்க வேண்டும். ஆழ்வாப்பிள்ளையும் நாகலிங்கமும் இப்போது பூவரச மரத்தின் கீழ் விளையாடுகிறார்கள். கள்ளத் துரும்பு யார் போட்டது என்பது இன்னும் தீரவில்லை. எங்கள் வீட்டார் போடுவதில்லை.

கடைசியாக ஒன்று. பெரியவளவு ஆழ்வாப்பிள்ளை சோற்றுப் பானையில் ஏறிக் குளத்தைக் கடந்தார் என்று அச்சுவேலிச் சந்தையில் கதைக்கிறார்களாம். பண்டத்தரிப்பு வரை கதை போயிருக்கிறது. அது தவறு. எங்கள் குடும்பத்தில் எவரும் ஒருபோதும் பானையில் ஏறியதில்லை.

அது கிடாரம்.